நல்ல தமிழில் ஒரு நோட்டீஸ்

ஆரியசாலையில் வியாபாரம் படுத்துவிட்டது என்பதற்குச் செல்வமணியின் தோளைவிட நல்ல சாட்சி கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்பு விடிவதற்குள் ஒன்பது லாரி வந்து நிற்கும். இப்போது நாலு வந்தால் மூட்டை இறக்குகிற சுமட்டுத் தொழிலாளிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். வற்றல் மண்டி இரண்டு மூடியாயிற்று. பாத்திரக்கடைக்காரர் ஆள் உள்ளே வந்தால்தான் ஃபேனைப் போடுகிறார். ஆனால் அந்தத் தெருவில் ஒரே ஒரு சரக்குக்கு மட்டும் விலை இறங்கவே இல்லை. அது தரை. நடக்காத கடையின் தரைக்கு, கடை நடந்த காலத்தைவிட மூன்று மடங்கு விலை சொன்னார்கள். சொன்ன விலைக்கு வாங்கவும் ஆள் இருந்தது.

இது எப்படி என்று செல்வமணிக்கு விளங்கவில்லை. ஆலங்குளத்திலிருந்து பத்தொன்பது வயதில் இந்த மலையாளச் சீமைக்குப் பிழைக்க வந்து, முப்பத்திரண்டு வருடமாக நீலச் சட்டை போட்டு மூட்டை தூக்குகிறவர். தூக்கினால் கூலி, தூக்காவிட்டால் இல்லை என்பதுதான் அவருக்குத் தெரிந்த பொருளாதாரம். சும்மா கிடக்கிற ஒன்றுக்கு எப்படிக் கூலி ஏறிக்கொண்டே போகும்?

இதை விளக்குவதற்கென்றே அவர் வீட்டு வாசலில் ஒரு நிறுவனம் இருந்தது. நகர நில அரசியல் பொருளாதார மார்க்சிய ஆய்வு மையம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். அதனால் கடைசி இரண்டு சொற்களும் மூலை திரும்பிச் சந்துக்குள் போயிருந்தன. சந்து வழியாக வருகிறவர்கள் ‘ஆய்வு மையம்’ என்பதை மட்டும் படித்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருந்ததும் உண்டு. அவர்களுக்கும் ஒரு துண்டுப் பிரசுரம் கிடைக்கும்.

மையத்தின் கட்டடத்தையும், அதன் பின்னால் மூன்றரை சென்டில் வரிசையாக நின்ற ஆறு ஓட்டு வீடுகளையும், கொள்கைப்பற்றுள்ள ஒரு கடைத்தெரு வியாபாரி மையத்துக்கே உயில் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஆறில் ஒன்றில் செல்வமணியும் அவர் மனைவி பூமாரியும் மகள் அஜிதாவும் பதினெட்டு வருடமாகக் குடியிருந்தார்கள். அஜிதா பிறந்ததே அந்த வீட்டில் இருக்கும்போதுதான். வாடகை மாதாமாதம் மையத்தின் மேஜையில் போய்ச் சேர்ந்தது. ரசீதில் ‘வாடகை’ என்று எழுத மாட்டார்கள். ‘தோழமைப் பங்களிப்பு’ என்று எழுதுவார்கள்.

நவம்பர் இருபத்துநாலாம் தேதி ஆறு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. மையம் அந்த மூன்றரை சென்டையும் விற்கப்போகிறதாம்.

மலையாளத்தில் அச்சடித்திருந்தது. மொழிச் சிறுபான்மையினர் மேல் மையத்துக்குத் தனி மரியாதை உண்டு என்பதால் கீழே தமிழிலும் இருந்தது. மலையாளத்தில் வீட்டைக் காலி செய்வதற்கு ‘ஒழியுக’ என்றுதான் சொல்வார்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. அதை அப்படியே தமிழ் எழுத்தில் தூக்கி வைத்திருந்தார்கள்: ‘தாங்கள் குடும்பத்துடன் தொண்ணூறு நாட்களுக்குள் ஒழிந்து தருமாறு தோழமையுடன் கேட்டுக்கொள்கிறோம்.’

பூமாரி இதை இரண்டு தடவை வாசித்தாள். முப்பது வருடமாக இந்த ஊரில் மீன் வாங்குகிறவள், மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் தமிழ் எழுத்தில் பார்த்தபோது நெஞ்சில் போய்க் குத்தியது.

“குடும்பத்தோட ஒழிஞ்சு தரணுமாம். கேட்டியளா? அதுவும் தோழமையோட.”

“அவங்க பாஷையில காலி பண்ணுங்கன்னு அர்த்தம்ட்டீ.”

“எந்தப் பாஷையில எழுதினாலும் போவப் போறது நாமதான. அஜிதாக்குப் பரீச்ச முடியுற வரைக்காவது கேட்டுப் பாருங்க.”

அதுதான் விஷயம். அஜிதா பிளஸ் டூ. கோட்டைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம், நடந்து போகிற தூரம். கடைசிப் பரீட்சை மார்ச் இருபத்தெட்டு. நகரத்துக்குள் வேறு வீடு பார்க்க அவர்களால் முடியாது. பாறசாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கிருந்து பிள்ளை ரயிலைப் பிடித்துப் பரீட்சை எழுதி, இவர் விடியற்கால லாரிக்கு வந்து சேர்வது நடக்கிற காரியமா? மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் தலைவிதி என்று டிசம்பருக்குள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். செல்வமணி ஒரே ஒரு சலுகையைத்தான் கேட்டார். மார்ச் இருபத்தெட்டு வரை.

மனு எழுத அரிசி மண்டிக் கணக்கர் நயினாரிடம் போனார். நயினாருக்குத் தமிழில் எழுத வாய்ப்பு வருவது அபூர்வம். வந்ததை விடுவாரா? முதல் ஒன்றரைப் பக்கம் ‘ஒழிந்து’ என்ற சொல் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மனத்தை எவ்வாறு புண்படுத்தியது என்று எழுதினார். கடைசியில், இடம் போதாமல், கோடு போட்ட தாளின் விளிம்பில் மார்ச் இருபத்தெட்டை எழுதினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அங்கேதான்.

மையத்தின் செயலர் சேஷன் மனுவை வாங்கி வாசித்தார். கோட்டை அக்கிரகாரத்துக்காரர், கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வாசிக்க வாசிக்க அவர் முகம் வெளிறியது.

“ஏன் சாமி, தப்பா எதுவும் எழுதிட்டனா?” என்றார் செல்வமணி.

“இங்க சாமியெல்லாம் கிடையாது. தோழர்னு கூப்பிடணும். உக்காருங்கோ. இது நான் தமிழ்ல பண்ணின தர்ஜுமாவாக்கும். மொழிச் சிறுபான்மையை அவமதிச்சுட்டோம்னு ஆயிடுத்து. ரொம்ப சீரியஸ் மேட்டர்.”

“அதெல்லாம் பரவால்ல தோழர். கீழ மார்ச்சுன்னு…”

“பரவாயில்லைன்னு சொல்ல உமக்கு அதிகாரம் கிடையாது ஓய். அவமானம் உம்ம சொந்த விஷயமா? ஒரு சமூகத்தோட விஷயம். கமிட்டி வச்சாகணும்.”

கமிட்டி வைத்தார்கள். மொழி உணர்வு உபகுழு, மூன்று பேர். முதல் கூட்டத்தில் கூட்டத்தை எந்த மொழியில் நடத்துவது என்று விவாதித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் முதல் கூட்டத்தின் குறிப்பைத் தமிழாக்கம் செய்தார்கள். அதிலும் சேஷன் ஒரு இடத்தில் ‘ஒழிந்து’ போட்டுவிட்டதால் மூன்றாவது கூட்டம் அதற்குப் போயிற்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாற்காலி போட்டு எடுத்தது செல்வமணிதான். மார்ச் பற்றிக் கேட்கும்போதெல்லாம் “பரிசீலனையில இருக்கு” என்றார்கள். பரிசீலனையில் இருக்கிற வீட்டை யாரும் இடிக்க மாட்டார்கள் என்று அவர் நம்பினார். பாவம், மூட்டையைத் தவிர வேறு எதையும் சந்தேகித்துப் பழக்கமில்லாத மனிதர்.

ஜனவரியில் உபகுழு வீட்டுக்கே வந்தது. மனுதாரர் குடும்பம் மெய்யாகவே மொழிச் சிறுபான்மைதானா என்று நேரில் கண்டறிய வேண்டுமாம். பூமாரி பேசியது தமிழ் என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள். செல்வமணி பேசியதில் நாற்பது சதவீதம் மலையாளம் என்று ஒருவர் குறித்துக்கொண்டார். பிறகு அஜிதாவிடம், “மோளே, வீட்டில் எந்தா பாஷ?” என்று கேட்டார்கள். அஜிதா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “தமிழா சார், பக்ஷே வாயிக்கான் அறியில்லா” என்றாள். தமிழ்தான், ஆனால் வாசிக்கத் தெரியாது என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டாள்.

உபகுழு வாசலில் நின்று கால் மணி நேரம் பேசியது. மகளுக்கு நோட்டீஸின் மலையாளப் பகுதி முழுதாகப் புரிந்திருக்கிறது. ஆகவே அவள் அவமதிக்கப்படவில்லை. பெற்றோர் அவமதிக்கப்பட்டிருக்கிறார்கள். குடும்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவமானம் என்று பதிவு செய்துகொண்டு போனார்கள்.

அந்த மாதக் கடைசியில் மையம் ஒரு கருத்தரங்கு நடத்தியது: ‘நெருக்கடியில் உயரும் நிலவிலை: யாருடைய நகரம்?’ நாற்காலி போட்ட செல்வமணியையும் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார்கள். மையத்தின் இயக்குநர் பத்மஜா டீச்சர் பேசினார். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். தமிழ்த் தோழர்களுக்காகத் தமிழும் கலந்து பேசினார். ஒன்றைச் சொல்லியாக வேண்டும், டீச்சர் நன்றாகவே பேசினார்.

“ஒரு சென்ட் நிலம், அத யாராவது உண்டாக்கினாங்களா? இல்ல. அதுல ஒரு ஆளோட உழைப்பும் இல்ல. அப்போ மதிப்பு இல்ல. ஆனா விலை உண்டு. எப்படி? நாளைக்கு வரப்போற வாடகையெல்லாம் கூட்டி இன்னைக்கே விக்கிறாங்க. கடையில லாபம் இல்ல, கம்பெனியில லாபம் இல்ல, அப்போ முதலாளி கையில இருக்கிற பணம் எவிடெ போகும்? தரையில வந்து உக்காரும். நெருக்கடி கூடக் கூட அங்க இருந்து எழுந்திருக்காது. விழிஞ்ஞம் துறைமுகத்துல ஒரு பெரிய கப்பல் வந்தா, இங்க ஆரியசாலையில ஒரு பாவப்பட்டவன்டெ அடுப்பு அணையும். மனசிலாயோ?”

செல்வமணிக்கு மனசிலாயிற்று. மூன்று வருடமாக விளங்காதது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார்.

“டீச்சர், அப்பம் அது நோக்குகூலிதான?”

முன்வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. லாரியிலிருந்து சரக்கை வேறு ஆளோ இயந்திரமோ இறக்க, சுமட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றதற்கு வாங்குகிற காசுக்குத்தான் இந்த ஊரில் நோக்குகூலி என்று பெயர். அரசாங்கமே தடை போட்டுவிட்டது. செல்வமணி வாங்கியதில்லை. ஆனாலும் பத்திரிகையில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் நீலச் சட்டைக்காரர்கள் எல்லோரும்தான் தலைகுனிந்தார்கள்.

சேஷன் பேனாவைத் தூக்கிக்கொண்டார். “அது தொழிலாளி வர்க்கத்தைக் கொச்சைப்படுத்தற வார்த்தையாக்கும். மினிட்ஸ்ல வராது.”

“சும்மா பாத்துக்கிட்டு நிக்கதுக்கு வாங்குத காசு. வாங்குதது யாருன்னாலும் பேரு ஒண்ணுதான தோழர்?”

பத்மஜா டீச்சர் சிரித்து, கையமர்த்தினார். “செல்வமணியோட உள்ளிலிருந்து வந்த ஒரு கேள்வி. நன்று.”

“அப்பம் டீச்சர், இவ்வளவு தெரிஞ்சிருக்க நாம, பின்னால உள்ள வீட்ட விக்காம இருக்கலாமே?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். பெரிய உண்மைகளைச் சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கேட்கிறவர்களின் முகம் தெரியாது.

“இது ஒரு குட்டி பூர்ஷ்வா தெற்றித்தாரணை, தப்பான புரிதல். நாம விக்கலை செல்வமணி. மூலதனம் விக்குது. நாம அதோட கையில ஒரு கருவி மாத்திரம். மையத்தோட டெபாசிட் எல்லாம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில மாட்டிக்கிடக்கு. அது நெருக்கடி. நெருக்கடி வந்தா எல்லாரும் தரையத்தான் பிடிப்பாங்கன்னு நான் இப்பத்தான் சொன்னேன். நாம மட்டும் விக்காம இருந்தா நம்ம தியரி தப்புன்னு ஆகும். பக்கத்துல மூடின மண்டியையும் சேர்த்து அங்க பதினாலு மாடி வரும். நாலாவது மாடியில நமக்கு ஏசி ஹால் தர்றாங்க. நகரத்தில இருந்து வெளியேற்றப்பட்டவங்களப் பத்தி அங்க நிரந்தரமா ஒரு ஆய்வுப் பிரிவு. செல்வமணியப் போல உள்ளவங்க கதை பதிவாகும். இது உங்களுக்கு வேண்டியிட்டு உள்ள ஹால்.”

எல்லோரும் கைதட்டினார்கள். செல்வமணியும் தட்டினார். தட்டாமல் நிற்பது மரியாதையாக இல்லை. கருத்தரங்கு முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவிட்டு டீச்சரிடம் போய், மார்ச் இருபத்தெட்டு என்றார். “நல்ல முடிவு வரும். உபகுழு அறிக்கை ரெடி” என்றார் டீச்சர், அவர் தோளைத் தட்டி.

பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை, உலகத் தாய்மொழி நாள். அன்று மாலை மைய முற்றத்தில் பந்தல் போட்டுப் பாராட்டு விழா வைத்தார்கள். பாராட்டப்படுகிறவர் செல்வமணி. அழைப்பிதழில் ‘மொழியுரிமைப் போராளி’ என்று போட்டிருந்தது. பூமாரி அதைப் பார்த்துவிட்டு, “யாரது?” என்று கேட்டாள். அவரே நாற்காலி போட்டு, வேஷ்டி மாற்றிக்கொண்டு வந்து மேடையில் உட்கார்ந்தார். நல்ல முடிவு வரும் என்றுதானே டீச்சர் சொன்னார்? பூமாரி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அஜிதாவுக்குப் படிக்க வேண்டியிருந்தது, வரவில்லை.

டீச்சர் பேசினார். “முப்பது வருஷம் இந்த நகரம் செல்வமணிக்குத் தோள்ல சுமை குடுத்தது. இன்னைக்குத்தான் சால்வை குடுக்குது. ஒரு சாதாரணத் தொழிலாளி, ஒரு தெற்றான சொல்லை எதிர்த்து எழுந்தார். நாம மன்னிப்புக் கேட்கிறோம். இனி இந்த நிறுவனத்தில ஒரு தமிழனையும் அவன் தாய்மொழியில அல்லாம வெளியேற்ற மாட்டோம். இது நம்ம உறுதி.”

கைதட்டல் சாலை வரைக்கும் கேட்டிருக்கும். சேஷன் பொன்னாடை போர்த்தினார். பிறகு இரண்டு பேர் பட்டுத்துணி மூடிய ஒன்றைத் தூக்கி வந்தார்கள். டீச்சர் துணியை விலக்கினார். கண்ணாடிச் சட்டம் போட்ட, பொன்னிற ஓரம் வைத்த, நல்ல தமிழில் எழுதிய ஒரு தாள். செல்வமணியின் இரண்டு கையிலும் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார்.

“என்ன இது தோழர்?” என்று சிரித்த முகத்தோடேயே சேஷனைக் கேட்டார்.

“நோட்டீஸாக்கும். திருத்தின பதிப்பு. பல்கலைக்கழகத்துலேர்ந்து ஒரு தமிழ்ப் பேராசிரியரை வரவழைச்சு எழுதினது. ‘ஒழிந்து’ங்கிற வார்த்தையை வேரோட எடுத்தாச்சு. திருப்திதானே?”

“மார்ச்சு?”

“எந்த மார்ச்?”

“மனுவுல கீழ இருந்துதே. இருபத்தெட்டு. பிள்ளைக்குப் பரீச்ச.”

சேஷன் நிஜமாகவே வருத்தப்பட்டார். கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “அது மார்ஜின்ல இருந்துது ஓய். மார்ஜின்ல எழுதினது மனுவோட பாகம் ஆகாது, அது ஆடிட் விதி. தவிர, ஒரு மனுவுக்கு ஒரு பரிகாரம்தான். உம்மோட மனு சொல்லைப் பத்தினது. சொல்லை மாத்தியாச்சு. சொல்லை ஆட்சேபிச்சவர் விஷயத்தை ஆட்சேபிக்கலைன்னு உபகுழு எழுதிண்டாச்சு.”

“அப்பம் இன்னைல இருந்து தொண்ணூறு நாளா?”

“அதெப்படி? பிழை வார்த்தையிலதானே இருந்துது, தேதியிலயா? நவம்பர் இருபத்துநாலுலேர்ந்துதான். இப்போ போட்டோ எடுத்தாளே, அதையே நோட்டீஸ் உமக்குக் கிடைச்சதுக்குக் கைப்பற்றுச் சீட்டா ஃபைல்ல வச்சுப்போம். கையெழுத்துப் போடற சிரமம்கூட உமக்கு வேண்டாம்னு டீச்சர் சொல்லிட்டா.”

செல்வமணிக்குக் கணக்கு வராது. ஆனால் பின்வரிசையில் பூமாரி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பது தெரிந்தது. நவம்பரில் ஆறு, டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் இருபத்திரண்டு. எண்ணி முடித்ததும் அவள் எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏற்புரைக்கு அவரை அழைத்தார்கள். மைக் முன்னால் போய் நின்றார். மார்ச்சைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனார். தமிழில் கேட்டால் மொழியைப் பாராட்டுவார்கள், மலையாளத்தில் கேட்டால் ஒருமைப்பாட்டைப் பாராட்டுவார்கள். அத்தனை பேரும் அன்போடு வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ரொம்ப அசதியாக இருந்தது. ஒன்பது லாரி இறக்கிய நாளில்கூட இப்படி இருந்ததில்லை.

“நாளைக்கு நாற்காலி எடுக்க ஆள் பாத்துக்கிடுங்க,” என்றார். அதையும் கைதட்டித்தான் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது பூமாரி பரணிலிருந்து அண்டாவை இறக்கியிருந்தாள். செல்வமணி பொன்னாடையை மடித்துக் கட்டிலில் போட்டுவிட்டுச் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். அஜிதா புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“என்னப்பா எழுதிருக்கு?”

அவருக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழ். விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். ஒரு சொல்லிலாவது தப்பு இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மனு போட்டால் இன்னொரு மூன்று மாதம் கிடைக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். மூன்று தடவை வாசித்தார். தப்பு இருந்தாலும் கண்டுபிடிக்கிற தமிழ் அவரிடம் இல்லை.

“‘தாங்கள் இதுகாறும் வதிந்துவந்த உறையுளினை, குறித்த நாளுக்குள்…’”

“உறையுள்னா என்னப்பா?”

செல்வமணி யோசித்தார். இருபத்தைந்து கிலோ, ஐம்பது கிலோ, எழுபத்தைந்து கிலோ என்று எத்தனையோ சாக்கில் தமிழ் எழுத்தைத் தூக்கியிருக்கிறார். இந்தச் சொல்லை எதிலும் பார்த்ததில்லை.

“தெரியலையேம்மா.”

பூமாரி அண்டாவுக்குள் பழந்துணியைத் திணித்து, அதற்குள் தம்ளர்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“வீடுன்னு இருக்கும். நாளைக்குள்ள விட்டுட்டுப் போணும்னா, நம்மகிட்ட வேற என்ன இருக்கு.”